விழுகிறவனைக் காட்டுங்கள்!

சென்ற மாதம் என் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனேன். பார்க்கிற காட்சி நடுங்குகிறது, திடீரென்று கிட்டே வருகிறது, திடீரென்று எட்டப் போகிறது, சற்று நேரத்தில் தலை சுற்றுகிறது என்று சொன்னேன். அவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், படித்தேன். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, விளக்கை அடித்துப் பார்த்தார். "கண்ணில் ஒன்றும் இல்லையே, சார்! எப்போது இப்படி ஆகிறது?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி, பேரனோடு உட்கார்ந்து மல்யுத்தம் பார்க்கும்போது" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். "அது உங்கள் கண்ணில் இருக்கிற கோளாறு இல்லை, சார். படம் பிடிக்கிறவர்கள் கையில் இருக்கிற கோளாறு. என் வீட்டிலும் பையன் அதைத்தான் பார்க்கிறான்" என்றார்.

டாக்டருக்குக் கொடுத்த பணத்தை வீணாக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மல்யுத்தம் என்றதும் வாசகர்களில் சிலர் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "நாவல் எழுதுகிற மனுஷனுக்கு இது என்ன வேலை? அது பொய்ச் சண்டையாயிற்றே! யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிற கூத்தல்லவா?" என்று கேட்பார்கள். வாஸ்தவம். கூத்துத்தான். நானும் பொய் சொல்லிப் பிழைக்கிறவன்தான். கடைசி அத்தியாயத்தில் யாரைச் சாகடிக்கப் போகிறேன் என்பது முதல் அத்தியாயம் எழுதும்போதே எனக்குத் தெரியும். தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் நடக்கிறது. மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுவதும் நீட்டிப் படுத்திருக்கிறான். பீமன் அவன் தொடையில் அடிக்கப் போகிறான் என்பது இடுப்புக் குழந்தைக்குக்கூடத் தெரியும். "முடிவு தெரிந்துவிட்டது, வா போகலாம்" என்று யாராவது எழுந்து போகிறார்களா? பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த் 1957-ல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரைத் தொகுதியை மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையோடுதான் தொடங்கினார். அவருக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

இந்தக் கூத்தில் எது பொய், எது மெய் என்று முதலில் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். வெற்றி பொய். தோல்வி பொய். கோபம் பொய். குத்துகளில் முக்கால்வாசி பொய். ஆனால் விழுவது மெய். அந்த மேடை பஞ்சு மெத்தை அல்ல. இரும்புச் சட்டங்களின் மேல் மரப் பலகை, பலகையின் மேல் கொஞ்சம் ரப்பர் நுரை, அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான், அவ்வளவுதான். அதன் மேல் இருநூறு, இருநூற்றைம்பது பவுண்டு எடையுள்ள ஆள் தலைக்கு மேல் தூக்கி எறியப்படுகிறான். மோவாயை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தரையை அறைந்து, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் படும்படி விழ வேண்டும். அப்போதுதான் அடியின் வேகம் உடம்பெல்லாம் பரவிப் போகும். கொஞ்சம் பிசகினால் கழுத்து போயிற்று. இந்த விழும் வித்தையைத்தான் அவர்கள் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். வாரம் மூன்று நாள், நாலு நாள், வருஷக் கணக்கில் விழுந்து விழுந்து, நாற்பது வயதில் முழங்காலும் முதுகெலும்பும் தேய்ந்து உட்காருகிறார்கள்.

ஆகவே இந்தக் கலையில் ரஸிகனுக்குக் கிடைக்கிற மெய்யான பொருள் ஒன்றே ஒன்று: ஒரு மனிதன் எழும்பி, அந்தரத்தில் நின்று, விழுகிற காட்சி. என் வழக்கும் ஒன்றே ஒன்று. டெலிவிஷனில் மல்யுத்தம் காட்டுகிறவர்கள் அந்த ஒன்றை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

என் பெரியப்பா சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். அங்கே 'ஹாப்பி வோர்ல்டு' கேளிக்கைப் பூங்காவில் கிங்காங், தாராசிங் ஆகியோருடைய குஸ்திகளைப் பார்த்ததைச் சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாங்கியது இருப்பதிலேயே மலிவான டிக்கெட். ஆட்கள் கட்டை விரல் உயரம்தான் தெரிந்திருப்பார்கள். ஆனாலும், மலை போன்ற கிங்காங்கைத் தாராசிங் தோள் மேல் தூக்கிச் சுற்றியதை அவர் சொல்லும்போது தாமே எழுந்து நின்று சுற்றிக் காட்டுவார். கூடத்தில் குழந்தைகள் நாலு பக்கமும் சிதறி ஓடுவோம். தூக்கினதையும் பார்த்தார், சுற்றினதையும் பார்த்தார், போட்டதையும் பார்த்தார். நடுவில் யாரும் வந்து அவருடைய தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பவில்லை. என் பேரனுடைய தலையை நிமிஷத்துக்கு நிமிஷம் திருப்புகிறார்கள்.

டெலிவிஷன் பிறந்த நாளிலிருந்தே மல்யுத்தம் அதற்குச் செல்லப்பிள்ளை. 1940-களின் கடைசியிலும் 1950-களின் ஆரம்பத்திலும் அமெரிக்காவில் டூமாண்ட் என்ற ஒளிபரப்புக் கம்பெனி சிகாகோவின் மாரிகோல்டு அரங்கத்திலிருந்து வாராவாரம் மல்யுத்தம் காட்டியது. காரணம் எளிது. பேஸ்பால் மைதானம் பெரியது, பந்து சிறியது, அந்தக் காலத்துக் காமிராக்கள் அதைத் துரத்த முடியாது. மல்யுத்த மேடையோ ஒரு சின்ன சதுரம். ஒன்றிரண்டு காமிராவை வைத்துவிட்டால் போதும். தலை முதல் கால் வரை எல்லாம் தெரியும். சுருட்டை முடியும் பட்டு அங்கியுமாக வந்த 'கார்ஜியஸ் ஜார்ஜ்' அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் நாடறிந்த ஆளானான்.

ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிய சங்கதி. 1954 பிப்ரவரியில் ரிகிடோசான் என்ற வீரன் கிமுராவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஷார்ப் சகோதரர்கள் என்ற நெட்டை வெள்ளைக்காரர்கள் இருவரோடு மோதினான். யுத்தத்தில் தோற்று ஒன்பது வருஷம்கூட ஆகாத தேசம். வீட்டில் டெலிவிஷன் வைத்துக்கொள்ள யாருக்கும் வசதி இல்லை. தெரு முனையிலும் ரயில் நிலைய வாசலிலும் வைத்திருந்த பொதுப் பெட்டிகளுக்கு முன்னால் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடி நின்று பார்த்தார்கள். படம் சின்னது, நிறம் கிடையாது, தூரத்திலிருந்து எடுத்தது. அது போதுமானதாக இருந்தது. ஒரு ஜப்பானியனுடைய கை ஓங்கி ஒரு வெள்ளைக்காரனுடைய மார்பில் இறங்கியதை ஆரம்பம் முதல் கடைசி வரை அவர்கள் பார்த்தார்கள். வேறென்ன வேண்டும்?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். உலகத்திலேயே பெரிய மல்யுத்தக் கம்பெனி டபிள்யூ. டபிள்யூ. ஈ. என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். 1990-களில் அது டபிள்யூ. டபிள்யூ. எஃப். என்ற பெயரோடு கேபிள் கம்பி வழியாக நம் ஊர் வீடுகளுக்குள் நுழைந்தது. வீரர்களுடைய உயரம், எடை, மார்பளவு எல்லாம் அச்சிட்ட சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு பையன்கள் திண்ணைகளில் ஆடிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் அது நெட்ஃப்ளிக்ஸில் வருகிறது. பணத்துக்குக் குறைவில்லை, காமிராவுக்குக் குறைவில்லை. பெரியப்பா காலத்தில் இருந்த ஒரு பொருளுக்குத்தான் குறைவு. அதற்குப் பொறுமை என்று பெயர்.

முதல் குற்றம்: அடி விழுகிற கணத்தில் காட்சியை வெட்டுவது. மேடைக்கு நேர் எதிரே, உயரத்தில், அசையாத காமிரா ஒன்று இருக்கும். 'ஹார்டு காமிரா' என்பார்கள். வீரர்கள் அதற்கு முகம் காட்டி ஆடத்தான் பழக்கப்படுகிறார்கள். மேடையோரத்தில் தோளில் சுமந்து திரிகிற காமிராக்காரர்கள் வேறு. ஒருவன் கையை ஓங்குவான். அது ஒரு காமிரா. கை இறங்கி அடி படுகிற அந்தக் கணத்தில் படம் மாறி இன்னொரு காமிராவுக்குப் போய்விடும். அடி வாங்கினவன் சாய்வதற்குள் மூன்றாவது காமிரா. ஒரு நாள் நானும் பேரனும் ஒரு நிமிஷத்தில் எத்தனை வெட்டு என்று விரல் விட்டு எண்ணினோம். கை விரல்கள் போதாமல் கால் விரல்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என்னைத் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, திரும்புவதற்குள் மற்றத் தோளைத் தட்டி, அதற்குள் முதுகைத் தட்டினால் நான் என்ன செய்வேன்? தட்டுகிறவனை ஒரு அறை அறைவேன். டெலிவிஷன் பெட்டியை அறைய முடியவில்லையே!

ஏன் இப்படி வெட்டுகிறீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான் இருக்க முடியும். குத்து உண்மையில் படவில்லை என்பது தெரிந்துவிடக் கூடாதாம். யாருக்கு? 1989-ல் நியூஜெர்ஸி மாநிலச் சட்டமன்றத்தாரிடம் அந்தக் கம்பெனியே, எங்களுடையது போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டுக் கமிஷனின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதற்காகத் தன் வாயாலேயே குட்டை உடைத்துக்கொண்டது. வரி கட்டுகிற இடத்தில் உண்மையைச் சொல்லியாயிற்று. என் வீட்டுக் கூடத்தில் மட்டும் எதற்காக இன்னும் திரை போட்டு மறைக்கிறீர்கள்? குத்து பொய் என்பது எனக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். குத்தை மறைக்கப் போய் விழுவதையும் சேர்த்து மறைத்துவிடுகிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பொய்யை ஒளிப்பதற்காக மெய்யைப் புதைக்கிற முட்டாள்தனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது குற்றம்: காமிராவை ஆட்டுவது. அடி விழும்போதெல்லாம் படம் குபீரென்று கிட்டே வந்து, ஒரு நடுக்கம் நடுங்கி, பின்னால் போகிறது. என்னைக் கண் டாக்டரிடம் அனுப்பியது இதுதான். அடிக்கு வேகம் ஊட்டுகிறார்களாம். மிருதங்கக்காரர் தீர்மானம் வைக்கும்போது யாராவது மிருதங்கத்தைப் பிடித்து ஆட்டுவார்களா? வேகம் வித்துவானுடைய கையில் இருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் விழப் பழகிய ஒருவன் தன் உடம்பாலேயே அடியின் கனத்தைக் காட்டுவான். தோள் குலுங்கும், கால் பின்னும், கண் செருகும். அதைப் பார்க்க விட்டால் போதும். காமிரா நடுங்கினால் அவனுடைய நடுக்கம் யார் கண்ணில் படும்?

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மல்யுத்தத்தில் அடியைவிட அடிக்குப் பிறகு வருகிற சும்மா இருக்கிற நேரம்தான் ஸ்வாரஸ்யமானது. விழுந்தவன் மூச்சு வாங்குகிறான். ஒரு முழங்கையை ஊன்றுகிறான். கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டுகிறான், எட்டவில்லை. எழுவானா, மாட்டானா? கதை அங்கேதான் இருக்கிறது. கதை எழுதுகிற எனக்கு இது நன்றாகத் தெரியும்: சம்பவத்தைச் சொல்வது சுலபம், சம்பவத்துக்குப் பிறகு ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான இடம் வந்ததும் இவர்கள் காமிராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விடுகிறார்கள்.

அதுதான் மூன்றாவது குற்றம்: ரஸிகர்களுடைய முகத்தைக் காட்டுவது. இதில் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014 ஏப்ரல் 6-ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் முப்பதாவது 'ரெஸில்மேனியா' நடந்தது. வருஷத்துக்கொரு முறை நடக்கிற அந்தத் திருவிழாவில் 21 முறை ஆடி 21 முறையும் ஜெயித்திருந்த 'அண்டர்டேக்கர்' அன்று பிராக் லெஸ்னரிடம் தோற்றார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம் வாயடைத்துப் போயிற்று. காமிரா திரும்பி, வாய் பிளந்து, கண் விரிந்து நின்ற ஒரு ரஸிகரின் முகத்தைக் காட்டியது. நியாயமான காட்சி. ஆட்டம் முடிந்துவிட்டது, மேடையில் இனிப் பார்க்க ஒன்றும் இல்லை, நடந்தது என்ன என்பதை அந்த முகம் சொல்லிற்று. உலகம் முழுவதும் அந்த முகத்தைப் பார்த்தது.

அதைத் தவறாமல் பாடம் செய்துகொண்டார்கள். அர்த்தத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு நாள் விருந்தில் பாயசம் நன்றாக இருந்தது என்று சொன்னால், மறு நாளிலிருந்து சாம்பாருக்குப் பதிலாகவும் ரசத்துக்குப் பதிலாகவும் பாயசத்தையே ஊற்றுகிற சமையற்காரனை என்ன செய்வது? மேடையில் ஒருவன் மூன்றாவது கயிற்றின் மேல் ஏறி நிற்கிறான். அவன் பறக்கப் போகிறான். அந்த வினாடியில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருக்கிற ஒரு சிறுமியைக் காட்டுகிறார்கள். அவள் எதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாளோ அதை எனக்குக் காட்டாமல், அவள் கை வைத்ததை எனக்குக் காட்டுகிறார்கள். கச்சேரிக்குப் போனவனிடம் பாட்டை நிறுத்திவிட்டு, முன் வரிசையில் தலை ஆட்டுகிறவருடைய தலையைக் காட்டுவது போல! எப்போது ஆச்சரியப்பட வேண்டும் என்பதை எனக்கு இன்னொருவர் முகத்தைக் காட்டித்தான் கற்றுக் கொடுக்க வேண்டுமா?

நான்காவது, சத்தம். 1999-லிருந்து 2016 வரை அந்தக் கம்பெனியின் 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சி பெரும்பாலும் முன்னதாகப் பதிவு செய்து, சில நாள் கழித்து ஒளிபரப்பானது. இடையில் கிடைத்த நேரத்தில், கூட்டம் சும்மா இருந்த இடத்தில் ஆரவாரத்தைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. 2020-ல் கொள்ளைநோய் வந்தது. அந்த வருஷத்து 'ரெஸில்மேனியா' ஆர்லாண்டோவில் ஆளில்லாத பயிற்சிக் கூடத்தில் நடந்தது. பார்ப்பதற்கு ஏதோ துக்க வீடு மாதிரித்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்றுதான் முதல் தடவையாக அந்த மனிதர்களுடைய மூச்சு எனக்குக் கேட்டது. பலகை மேல் முதுகு விழுகிற சத்தம் கேட்டது. "அம்மா!" என்று நம் ஊர்க்காரன் முனகுவது போல அவர்கள் பாஷையில் ஒரு முனகல் கேட்டது. அதே ஆகஸ்டில் சுற்றிலும் மின்திரைச் சுவர் எழுப்பி, வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுடைய முகங்களை அதில் நிரப்பி, ஆரவாரத்தை இயந்திரத்திலிருந்து ஊற்றினார்கள். 2021 ஜூலையில் ஜனங்கள் திரும்பி வருகிற வரையில் அந்த ஜோடனை நடந்தது. கஷ்ட காலத்துக்கு அது ஒரு சமாளிப்பு என்று விட்டுவிடலாம். அந்த மூச்சும் முனகலும் எவ்வளவு விலை மதிப்புள்ளவை என்பதை அந்த நாலு மாதத்தில் கற்றுக்கொள்ளாததைத்தான் விட முடியாது.

விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஒருவன் மேடைக்கு வெளியே தூக்கி எறியப்பட்டால் விளம்பரம் வரப்போகிறது என்று அர்த்தம். திரும்பி வரும்போது அடி வாங்கினவன் எதிராளியின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருப்பான். நடுவில் என்ன நடந்தது என்பதைச் சின்னத் துண்டாகக் காட்டுவார்கள். நான் எழுதுகிற தொடர்கதையில் ஐந்தாம் அத்தியாயத்தை விட்டுவிட்டு, ஆறாம் அத்தியாயத்தின் ஓரத்தில் 'ஐந்தில் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆயிற்று' என்று அச்சடித்தால் ஆசிரியர் என்னை உள்ளே விடுவாரா? 2024-லிலிருந்து மேடைக் கித்தானின் நடு மத்தியிலேயே ஒரு பானக் கம்பெனியின் பெயரை எழுத ஆரம்பித்தார்கள். விழுகிறவனைக் காட்ட மனமில்லாதவர்களுக்கு அவன் விழுகிற இடத்தை விற்க மட்டும் மனம் வந்தது.

"நீர் கிழவர், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் புதிதாகக் காட்டாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்" என்று பதில் சொல்லுவார்கள். இதுவும் பொய். 2017 ஜனவரி 4-ஆம் தேதி தோக்கியோ டோமில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் ஆடிய ஆட்டத்தைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். 46 நிமிஷத்துக்கு மேல் நடந்த ஆட்டம். ஜப்பானியர்களுக்கும் பல காமிராக்கள் உண்டு. ஆனால் ஒருவன் எழும்பினால் அவன் விழுந்து முடிகிற வரையில் காத்திருக்கத் தெரிந்தவர்கள். பன்னிரண்டு வயதுப் பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். தோசை ஆறிப் போயிற்று. அவன் பாட்டிதான் அசைந்தாள், என்னைத் திட்டுவதற்காக.

ஜப்பானுக்குக்கூடப் போக வேண்டாம். இந்தக் கம்பெனியே காத்திருந்த இரவுகள் உண்டு. 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க் நகரம். மேடையைச் சுற்றி 16 அடி உயரத்துக்கு இரும்புக் கூண்டு. அதன் உச்சியிலிருந்து மிக் ஃபோலி என்ற மனிதர் தூக்கி எறியப்பட்டு, வர்ணனையாளர்களுடைய மேஜை மேல் வந்து விழுந்தார். காமிரா எட்ட நின்றது. உச்சி முதல் தரை வரை அந்த விழுதல் முழுவதும் ஒரே காட்சியில் தெரிந்தது. கால் நூற்றாண்டு கழித்தும் அதைப் பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்றைய முறையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தள்ளுகிற கை ஒரு காட்சி, திகைத்த முகம் ஒரு காட்சி, உடைந்த மேஜை ஒரு காட்சி. நடுவில் அந்த மனிதர் அந்தரத்தில் இருந்த நேரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். 2011 ஜூன் 27-ஆம் தேதி லாஸ் வேகாஸில் ஸி. எம். பங்க் என்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, சம்பளம் கொடுக்கிற முதலாளியையே சில நிமிஷம் கிழித்தார். உட்கார்ந்து பேசுகிற ஒரு மனிதர், அவ்வளவுதான். அந்தப் பேச்சை இன்னும் ஜனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் எதுவும் இல்லாத அந்தக் காட்சிக்கு என்ன குறை வந்தது?

நியாயத்தைச் சொல்ல வேண்டும் என்றால், இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறார்கள். நெடுங்காலம் தயாரிப்புத் தலைமையில் இருந்த கெவின் டன் 2023-ஆம் ஆண்டின் முடிவோடு விலகினார். ஈ. எஸ். பி. என். விளையாட்டு ஒளிபரப்பிலிருந்து வந்த லீ ஃபிட்டிங் 2024-ல் அந்தப் பொறுப்பை ஏற்றார். வெட்டு குறைந்தது, நடுக்கம் குறைந்தது. வீரன் உள்ளறையிலிருந்து கிளம்பி மேடைக்கு வருகிற வரையில் அவன் பின்னாலேயே ஒரே மூச்சில் நடந்து போகிற காட்சிகள் வந்தன. அவை அழகாகவே இருக்கின்றன. ஆனால் நடந்து வருகிறவனிடம் காட்டுகிற பொறுமையை விழுகிறவனிடம் காட்டினால் என்ன? மேலே பறக்கிற காமிராவும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிரமுகர்களும் இப்போது புதிய நோயாக முளைத்திருக்கிறார்கள். சினிமா நட்சத்திரம் கை தட்டுவதைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது ஒருவன் தரையில் கிடக்கிறான். எப்படி விழுந்தான் என்பது நட்சத்திரத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இதை நான் வேடிக்கையாகவே சொல்லி முடித்துவிட முடியாது. 1999 மே 23-ஆம் தேதி கான்ஸாஸ் நகரத்து அரங்கத்தில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி மேடைக்கு வர ஏற்பாடு. பிணைப்பு கழன்று அவர் விழுந்து இறந்துபோனார். விழுந்த சமயத்தில் வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முன்பே எடுத்த ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்த பிறகும் காமிரா அவரைக் காட்டவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. இது நிகழ்ச்சியின் பகுதி அல்ல என்று வர்ணனையாளர் சொன்னார். அதற்குப் பிறகும் அன்றைய ஆட்டங்களைத் தொடர்ந்து நடத்தினார்களே, அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் காமிராவைத் திருப்பிக்கொண்டது சரி. அது மரியாதை. சாகிற மனிதனிடமிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதற்கு அர்த்தம் உண்டு.

அந்த அர்த்தத்தைத்தான் இவர்கள் செல்லாக் காசாக்கிவிட்டார்கள். உயிரோடு, முழு வித்தையோடு, நமக்காகவே விழுகிறவனிடமிருந்தும் வாரத்துக்கு நூறு தடவை காமிராவைத் திருப்புகிறார்கள். அவன் எதற்காக விழுகிறான்? நாம் பார்ப்பதற்காக. பார்க்க விடாவிட்டால் அவன் முதுகு எதற்காக அடிபட்டது? கூலிக்காரன் வெட்டின கிணற்றை அன்று மாலையே மண் போட்டு மூடுகிற எஜமானனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கூலி கொடுத்துவிட்டோம் என்று எஜமானன் சொல்லலாம். கூலி போதும் என்றால் அந்தக் கூலிக்காரன் பொழுது சாயும்போது கிணற்றடியில் நின்று தண்ணீர் ஊறுவதை எட்டிப் பார்க்க மாட்டான்.

போன வாரம் பேரன் ஓடி வந்து, "தாத்தா, இதைப் பாருங்க" என்று தன் அம்மாவின் போனை நீட்டினான். அரங்கத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு ரஸிகன் தன் போனில் பிடித்த படம். முன்னால் இருக்கிறவர்களுடைய தலைகள் பாதியை மறைக்கின்றன. வீரர்கள் கட்டை விரல் உயரம்தான் இருக்கிறார்கள். ஒருவன் கயிற்றின் மேல் ஏறினான். நின்றான். கூட்டம் மெல்ல எழுந்தது. பாய்ந்தான்; அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான்; விழுந்தான். சத்தம் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. படம் பிடித்தவனுடைய கை நடுங்கவே இல்லை.

இதே பாய்ச்சலை முதல் நாள் ராத்திரி நெட்ஃப்ளிக்ஸில் நாங்கள் இருவரும் பார்த்திருந்தோம். அதாவது, பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். "நேத்து இவ்வளவு உயரமா தெரியலையே, தாத்தா!" என்றான் பேரன்.

பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் விரித்து, அந்த வீரன் எப்படிச் சுற்றினான் என்று எனக்குச் சுற்றிக் காட்டினான்.